கூலியும் பெயரும்: நிலுவைக் கூலி வழக்குகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது கூலி என்பது பொருளியல் நூல்கள் தரும் எளிய இலக்கணம். வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு இவ்விலக்கணம் முழுமையற்றதெனத் தோன்றும். ஒருவன் எவ்வளவு உழைத்தான் என்பது மட்டுமன்றி, உழைத்தவனுக்குச் சமுதாயமும் சட்டமும் எப்பெயர் சூட்டின என்பதும் அவன் பெற்ற கூலியை நிர்ணயித்து வந்துள்ளது. அடிமை, குடிமகன், கூலி, பங்காளி, ஒப்பந்தக்காரன், தொழிலாளி, ஊழியன் என்னும் சொற்கள் ஒரே வேலையைச் செய்யும் ஒரே மனிதனைக் குறிக்கலாம். ஆயினும் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு வெவ்வேறு உரிமைகளை அளிக்கிறது. சில சொற்கள் எவ்வுரிமையையும் அளிப்பதில்லை.

அண்மைக் காலத்தில் உலகின் பல நாடுகளில் கொடுபடாத கூலி கோரித் தொழிலாளர் தொடுக்கும் வழக்குகள் பெருகி வருகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் நியாய தொழில் நியமச் சட்டத்தின் கீழ்ச் சமட்டி நீதிமன்றங்களிலே தாக்கலான வழக்குகள், 1990களின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்தை எட்டாதிருந்தன. 2012ஆம் ஆண்டளவில் அவை ஏழாயிரத்தைத் தாண்டின. பிரித்தானியாவில் கைபேசிச் செயலி வழியே வாடகைக் கார் ஓட்டியோர் தாம் சுயதொழில் செய்வோர் அல்லர், ஊபர் நிறுவனத்தின் கீழ்ப் பணிபுரிவோரே என வாதிட்டனர். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இவ்வழக்குகளைக் கூலி கொடாமை பற்றியவை, தொழிலாளிக்குத் தவறான பெயர் சூட்டியமை பற்றியவை என இருவகையாகப் பிரித்துக் கூறுவது வழக்கம். உண்மையில் இவ்விரண்டும் ஒன்றே. பெயரை மாற்றுவதே கூலியைக் கொடாதிருப்பதற்கான வழிகளுள் மிக எளியதாக இருந்து வந்துள்ளது.

இது புதிய கைபேசி யுகத்தின் புதிய சூழ்ச்சியென எண்ணுவோர் உளர். அஃது அன்று. இலங்கையிலே இதற்கு நீண்ட வரலாறு உண்டு. வடக்கில் பளையைச் சூழ்ந்த தென்னந்தோட்டங்களையும் ஆனையிறவு உப்பளத்தையும் கண்முன் நிறுத்திக்கொண்டு அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பு இட்ட பெயர்

யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தரால் எழுத்துருவாக்கப்பட்டது. காணி, சீதனம், முதுசம் என்பவற்றோடு அடிமைகளைப் பற்றிய விதிகளும் அத்தொகுப்பில் இடம்பெற்றமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அடிமை எசமானின் உடைமை. உடைமை தன் உடையவன்மீது வழக்குத் தொடுத்தல் இயலாது. எனவே அவ்வமைப்பில் கூலி நிலுவை என்னும் எண்ணக்கருவே எழ இடமில்லை. 1844ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமைத்தனம் சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. பெயர் நீங்கியதேயன்றி அப்பெயருக்குரிய உறவு உடனே நீங்கிவிடவில்லை. குடிமைத் தொழில் புரிந்தோர் அறுவடைக் காலத்திலே நெல்லாகவும், கொண்டாட்ட நாள்களிலே துணியாகவும் பெற்றவற்றைச் சமுதாயம் உரிமையெனக் கொள்ளவில்லை; எசமானின் ஈகையெனவே கொண்டது. ஈகையை மறுத்தால் மனம் நோகலாம். நீதிமன்றம் செல்ல முடியாது. கூலியை ஈகையாகக் காட்டும் இவ்வுத்தி, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அரசாங்கத்தின் வாயிலிருந்தே மீண்டும் எழுந்ததைக் கீழே காண்போம்.

குற்றவாளியாக நின்ற கூலியாள்

பெருந்தோட்டப் பொருளாதாரம் பரவிய காலத்தில் உழைப்பாளரின் நிலையை வரையறுத்தது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டமாகும். தக்க காரணமின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியை அது குற்றவாளியாகக் கருதிச் சிறையிலிட வழிசெய்தது. கூலியைப் பெறுவதற்கும் அச்சட்டத்திலே வழி இருந்ததெனினும், எழுத்தறியாத ஒருவன் தோட்டத்தை விட்டு வெளியேறி நீதிமன்றத்தை அடையுமுன்னர், வேலையை விட்டோடியவன் என்னும் குற்றச்சாட்டு அவனை முந்திக்கொண்டது. 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டமோ, வேலையாளரின் கூலிக்கான வழக்கு அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடுக்கப்பட வேண்டுமென விதித்தது. எழுத்துமூல ஒப்பந்தத்தை உடைய செல்வனுக்குப் பல ஆண்டு அவகாசம். வாய்ச்சொல்லை நம்பி உழைத்தவனுக்கு ஓராண்டு அவகாசம்.

நிலுவைக் கூலி நாட்டின் பொதுப் பிரச்சினையாக முதன்முதல் வெடித்தது கோப்பித் தோட்டங்கள் நோயினால் அழிந்த 1880களிலேயே ஆகும். தோட்டங்கள் முறிந்தன, கடன் கொடுத்த வங்கிகள் முறிந்தன, 1884இல் ஓரியன்ரல் வங்கி கதவடைத்தது. பல மாதக் கூலி கிடையாது தவித்த தொழிலாளரின் நிலை கண்டு, அவர்தம் கூலியைத் தோட்டத்தின் மீதான முன்னுரிமைக் கடனாகக் கொள்ளும் சட்டம் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. 1889ஆம் ஆண்டின் சட்டம் கூலி மாதந்தோறும் கணக்கிடப்பட்டு அறுபது நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டுமென விதித்தது. அறுபது நாட் தாமதத்தைச் சட்டமே ஒழுங்கெனக் கொண்டமை, அதற்கு முன்னர் நிலவிய ஒழுங்கீனத்தின் அளவை உணர்த்தும். கங்காணியின் கடனைத் தொழிலாளியின் தலையிற் கட்டிய துண்டு முறையும், வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கிய விதிகளும் தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை 1921ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டன. இந்தியத் தொழிலாளருக்கான 1927ஆம் ஆண்டின் ஆகக் குறைந்த கூலிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், மலைநாட்டு ஆணுக்கு 54 சதம், இடைநாட்டில் 52 சதம், தாழ்நாட்டில் 50 சதம் என நாட்கூலி முதலில் நிர்ணயிக்கப்பட்டது.

இச்சட்டத்தின் தலைப்பே நம் ஆய்வுக்கு முக்கியமானது. அது தொழிலாளருக்கான சட்டமன்று. இந்தியத் தொழிலாளருக்கான சட்டம். இந்திய அரசாங்கம் தன் மக்களின் குடிபெயர்வைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பெற்றிருந்தமையால், அவ்வரசாங்கத்தை நிறைவுசெய்யும் பொருட்டு எழுந்த சட்டம் அது. அக்கரையிலிருந்து வந்தவன் என்னும் பெயர் உடையவனுக்கு ஆகக் குறைந்த கூலி உண்டு. இந்நாட்டிலேயே பிறந்து தென்னந்தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவனுக்கு அது இல்லை. இனத்தின் பெயரால் அன்றித் தொழிலின் பெயரால் கூலியை நிர்ணயிக்கும் முறை, 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்துடனேயே பிறந்தது. வேலைகொள்வோர், தொழிலாளர், அரசு நியமித்தோர் என முத்திறத்தாரும் அமரும் சபை ஒவ்வொரு தொழிலுக்கும் அமைந்தது. தேயிலை, இறப்பர் என்பவற்றோடு தென்னைப் பயிர்ச்செய்கைக்கும் ஒரு சபை உருவாயிற்று. நிர்ணயித்த கூலியைக் கொடாமை அச்சட்டத்தினாற் குற்றமாயிற்று. 1865இல் குற்றவாளிக் கூண்டில் நின்றவன் தொழிலாளி. 1941இன் பின்னர் அக்கூண்டில் வேலைகொள்வோனையும் நிறுத்த முடிந்தது. எழுபத்தாறு ஆண்டுகளில் நிகழ்ந்த பெரும் மாற்றம் இதுவெனலாம்.

தென்னந்தோட்டமும் உப்பளமும்

பளை, பச்சிலைப்பள்ளிப் பிரிவின் நடுவண் ஊர். குடாநாட்டு மண்ணிலே அமைந்திருந்தும், 1984ஆம் ஆண்டில் கிளிநொச்சி மாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. முகமாலை, கிளாலி, புலோப்பளை, தர்மக்கேணி, இயக்கச்சி என நீளும் இம்மணற்பாங்கான நிலம் தென்னைக்குப் பெயர்போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர் தொடங்கிய தோட்டங்கள் பின்னர் யாழ்ப்பாணத்துச் செல்வர் கைக்கு மாறின. தோட்ட உரிமையாளர் பலர் வேற்றூரிலே வாழ, மேற்பார்வையாளரும் காவற்காரரும் தோட்டத்தை நடத்துவது வழக்கமாயிற்று.

இத்தோட்டங்களின் வேலைமுறை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தின் வேலைமுறையினின்று வேறுபட்டது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. எனவே லயமும் பெயர்ப் பதிவும் அங்கு இன்றியமையாதனவாயின. தேங்காயோ குறித்த இடைவெளிகளிற் பறிக்கப்படுவது. பறிப்பவருக்கு மரக்கணக்கிலும், அலவாங்கில் உரிப்பவருக்கு ஆயிரக் கணக்கிலும், கிடுகு பின்னும் பெண்களுக்கு எண்ணிக்கைக் கணக்கிலும் கூலி கொடுப்பது இத்தொழிலின் இயல்பு. பாத்தி வெட்டுவோர் நாட்கூலி பெறுவர். காவற்காரருக்கு இருக்கக் கொட்டிலும், விழுந்த மட்டையும் பன்னாடையும் எடுத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. ஒரு தோட்டத்தில் ஒரு மாதத்துக்குள் உழைப்போர் அனைவரும் அத்தோட்டத்தின் தொழிலாளர் தாமா என வினவின், உரிமையாளர் ஒரு விடையும் சட்டம் வேறொரு விடையும் பகரும். உரிப்பவர் நாளை வேறு தோட்டத்துக்குச் செல்வார். ஆதலின் அவர் தம் தொழிலாளர் அல்லர் என்பது உரிமையாளர் கூற்று. இருபது ஆண்டாக அதே தோட்டத்தில் அதே அலவாங்கின் முன் நிற்பவருக்கும் அதே விடைதான் கிடைக்கும்.

பளைக்குத் தெற்கே ஆனையிறவில் உப்பு விளைந்தது. வடக்கின் பெரும் உப்பளமாக விளங்கிய அது 1990இல் போரினால் நின்றுபோய், நீண்ட இடைவெளியின் பின் மீளப் புனரமைக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அங்கு புதிய உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. உப்புத் தொழிலும் பருவத் தொழிலே. வெயிற்காலத்தில் உப்பு வாருவோர் மாரிகாலத்தில் வயலுக்கோ கடலுக்கோ செல்வர். தென்னையும் உப்பும் தரும் வேலை விட்டுவிட்டு வருவது, அளவுக் கணக்கிற் கூலி பெறுவது, எழுத்தில் இடம்பெறாதது. பெயரில்லா உழைப்புக்கு இதனினும் ஏற்ற களம் வேறில்லை.

சட்டம் விரித்த குடை

சுதந்திரத்துக்குப் பின் இயற்றப்பட்ட 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் தொழிலாளி என்னும் சொல்லுக்கு மிக விரிந்த பொருள் தந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருப்பினும் வாய்ச்சொல்லில் இருப்பினும், வெளிப்படையாயினும் உய்த்துணரப்படுவதாயினும், வேலைகொள்வோருடன் எந்நிலையிலேனும் ஒப்பந்தம் கொண்டவர் தொழிலாளியே. அதனினும் முக்கியமாக, ஒரு வேலையைத் தாமே நேரிற் செய்து தரும் ஒப்பந்தத்தையும் அவ்வரையறை உள்ளடக்கியது. ஆயிரத்துக்கு இத்தனை ரூபா எனப் பேசித் தம் கையால் தேங்காய் உரிப்பவர் இக்குடையின் கீழ் வர இடமுண்டு. 1957ஆம் ஆண்டின் திருத்தம் தொழில் நியாய சபைகளை நிறுவிற்று. தொழிலாளி தானாகவோ தன் சங்கத்தின் மூலமாகவோ அங்கு நேரே செல்லலாம். சட்டத்தின் எழுத்தை மட்டும் பாராது நியாயமும் ஒப்புரவும் நோக்கித் தீர்ப்பளிப்பது அச்சபையின் கடமை.

ஆயினும் இவ்வமைப்பில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. நியாய சபையின் கதவு பெரும்பாலும் வேலை நீக்கம், பணிக்கொடை என்பவற்றுக்கே திறந்தது. வேலையில் இருந்துகொண்டே கூலி நிலுவையைக் கேட்பவர் தொழில் திணைக்களத்தையோ சாதாரண நீதிமன்றத்தையோ நாட வேண்டியிருந்தது. இதன் விளைவாக, கூலி வழக்கு வேலை நீக்க வழக்கின் வாலாகவே பெரும்பாலும் வெளிவந்தது. வேலை உள்ளவரை வாய் திறவாத தொழிலாளி, வேலை போன பின்பே பழைய நிலுவைகளையும் எடுத்துரைப்பார். இதனைக் கண்டு, வேலை போன கோபத்தால் எழும் பொய்க்கணக்கு எனச் சிலர் கூறுவர். வேலை போகும் என்னும் அச்சத்தால் முன்னர்க் கேளாதிருந்தார் என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

கோடீஸ்வரன் வழக்கு

தனியார் முதலாளி மட்டுமன்றி அரசாங்கமும் பெயரைக் காட்டிக் கூலியை மறுத்த வரலாறு நமக்குண்டு. கோடீஸ்வரன் வழக்கெனத் தமிழர் யாவரும் அறிந்த அவ்வழக்கு, மொழியுரிமை வழக்காகவே நம் நினைவில் நிலைத்துள்ளது. அது வடிவத்தில் ஒரு கூலி வழக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

செ. கோடீஸ்வரன் கேகாலைக் கச்சேரியிற் கடமையாற்றிய எழுதுவினைஞர் சேவை அலுவலர். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கருமமொழிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொருட்டு 1961இல் வெளியான திறைசேரிச் சுற்றறிக்கை, சிங்களத் தேர்ச்சித் தேர்வில் சித்தியெய்தாதோரின் வருடாந்தச் சம்பள ஏற்றத்தை நிறுத்த வழிசெய்தது. அவர் தேர்வுக்குத் தோற்றவில்லை. 1962இல் அவருக்குரிய சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். சுற்றறிக்கையும் அதற்கு மூலமான சட்டமும் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என 1964இல் மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார்.

அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிச் சட்டத்தின் செல்லுபடி பற்றிய வினாவுக்குள் நுழையாமலே அத்தீர்ப்பை மாற்றியது. முடிக்குரிய ஊழியன் தன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்பதே அது காட்டிய காரணம். இக்கொள்கையின் வேர் ஆங்கிலச் சட்டத்தில் இருந்தது: அரச ஊழியனின் சம்பளம் ஒப்பந்தத்தாற் பெறுவதன்று, முடியின் கொடையாற் பெறுவது. குடிமைத் தொழிலாளியின் நெல்லை ஈகையெனக் கூறிய பழைய எசமானின் குரலும் கச்சேரி எழுதுவினைஞரின் சம்பளத்தைக் கொடையெனக் கூறிய புதிய குரலும் இங்கு ஒன்றுபடுகின்றன.

வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்குச் சென்றது. 1969 டிசம்பரில் டிப்ளொக் பிரபு வழங்கிய தீர்ப்பு, ஆங்கிலக் கொள்கையை இலங்கைக்கு அப்படியே இறக்குமதி செய்ய மறுத்தது. இந்நாட்டிலே உரோமன்-டச்சுச் சட்டத்தின் வழிவந்த மரபு முடியின்மீது ஒப்பந்த வழக்குத் தொடுக்க இடமளித்தது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றுவிட்டது. முடி விரும்பியபோது ஊழியனை நீக்கலாமெனினும், அவன் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்ததை மறுக்க இயலாது என்பது தீர்ப்பின் சாரம். மொழிச் சட்டம் யாப்புக்கு உகந்ததா என்னும் வினா மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. அதற்கு விடை கிடைக்கவேயில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது; 1972இல் சோல்பரி யாப்பே மறைந்து 29ஆம் பிரிவும் அதனுடன் மறைந்தது.

இவ்வழக்கில் இரு விளைவுகள் உள. மொழியுரிமை விடையின்றி நின்றது, கூலியுரிமையோ வென்றது. அரச ஊழியர் எம்மொழியினராயினும் தம் உழைப்பின் ஊதியத்தை ஒப்பந்த உரிமையாகக் கோரலாம் என்னும் விதியைத் தமிழ் எழுதுவினைஞர் ஒருவரின் வழக்கு நாட்டின் எல்லா இனத்தவர்க்கும் பெற்றுத் தந்தது. இதனை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

அயல்நாட்டு உப்பளமும் கயிற்றுத் தொழிலும்

பளையில் எழத்தக்க வினாவுக்கு இந்திய நீதிமன்றங்கள் தந்த விடைகள் நமக்குப் பயன்படும். சௌராட்டிரத்திலே தராங்கத்ரா இரசாயனத் தொழிலகத்தின் உப்பளத்தில் உழைத்த அகரியா மக்கள் தொழிலாளரா, சுயேச்சை ஒப்பந்தக்காரரா என்னும் வினா 1956இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒவ்வோர் அகரியாவுக்கும் தனிப் பாத்தி உண்டு. விளைந்த உப்பின் நிறைக்கேற்பவே கூலி. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் ஊர் திரும்பி வயல் பார்க்கலாம். கம்பனியின் வாதத்துக்கு இவையெல்லாம் சாதகமானவை. ஆயினும் உவர்நீரின் அளவு முதல் உப்பின் தரம் வரை ஒவ்வொரு படியிலும் கம்பனியின் மேற்பார்வை இருந்தது. தாமும் தம் கையால் உழைக்கும் அகரியா, துணைக்கு ஆள் வைத்திருப்பினும், அளவுக் கணக்கிற் கூலி பெறினும் தொழிலாளியே என நீதிமன்றம் முடிவுசெய்தது.

1978ஆம் ஆண்டில் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கிலே அந்நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. தொழிலாளர் தம்முடையவர் அல்லர், இடைநின்ற ஒப்பந்தக்காரருடையவர் என்றார் ஆலை உரிமையாளர். நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அந்தத் திரையை விலக்கிப் பார்த்தார். உழைப்பின் பயன் யாருடைய தொழிலுக்குச் சென்றடைகிறதோ, தொழிலாளியின் பிழைப்பு யாருடைய கையில் உள்ளதோ அவரே உண்மையான வேலைகொள்வோர் என்பது தீர்ப்பின் பொருள். 1982இல் தில்லி ஆசிய விளையாட்டு விழாக் கட்டட வேலைகள் பற்றிய வழக்கில், ஆகக் குறைந்த கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குதல் யாப்பு தடைசெய்த கட்டாய உழைப்பேயாகும் என்றும் அந்நீதிமன்றம் கூறிற்று. சோறின்மை என்னும் வற்புறுத்தல் சவுக்கின் வற்புறுத்தலுக்குக் குறைந்ததன்று என்னும் கருத்து இத்தீர்ப்பின் வழியே சட்டத்துள் இடம்பெற்றது.

இலாபம் தரும் பெயர்

தொழிலாளியின் பெயரை மாற்றுவதால் வேலைகொள்வோர் அடையும் ஊதியம் யாது? 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி இன்று ஊழியரின் சம்பளத்துக்கு மேலதிகமாக 12 வீதத்தையும், 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டப்படி 3 வீதத்தையும் வேலைகொள்வோர் செலுத்துதல் வேண்டும். 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தற் சட்டமும் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் பதினைந்து பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ கொண்ட நிறுவனங்களுக்குப் பொருந்தும். ஐந்து ஆண்டுச் சேவை நிறைந்தாலன்றிப் பணிக்கொடை இல்லை. ஆகவே ஊழியனை ஒப்பந்தக்காரன் எனப் பெயரிட்டால் நூற்றுக்குப் பதினைந்து வீதம் உடனே மிஞ்சும். பதினைந்தாம் ஆளை ஏட்டில் எழுதாதுவிட்டால் இரு சட்டங்களின் பிடியும் தளரும். ஐந்தாம் ஆண்டு நிறையுமுன் ஒப்பந்தத்தைப் புதிதென எழுதினால் பணிக்கொடையும் தப்பும். நல்ல நோக்குடன் எழுதப்பட்ட சட்டத்தின் எல்லைக்கோடே ஏய்ப்பின் வாசலாக மாறியது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் பரவியபோது, ஆள்வலு வழங்கும் முகவர்களும் அமய வேலையும் பெருகியமைக்கு இக்கணக்கே பெருங்காரணமாகும்.

தேயிலைத் தோட்டங்களிலும் இதன் புதிய வடிவத்தைக் காணலாம். 2021இல் சம்பளச் சபை நாட்கூலியை ஆயிரம் ரூபாவாக உயர்த்தியபோது தோட்டக் கம்பனிகள் அதனை நீதிமன்றத்திலே எதிர்த்தன. அதே காலத்தில், தொழிலாளருக்குச் செடிகளைப் பகிர்ந்தளித்துக் கொழுந்தின் வருமானத்தைப் பங்கிடும் முறையை அவை முன்வைத்தன. பங்காளி என்னும் சொல் கேட்பதற்கு இனிது. நிலமும் விலையும் தொழிற்சாலையும் ஒருவர் கையில் இருக்க, வெயிலும் மழையும் நட்டமும் மட்டும் மற்றவர் பங்குக்கு வருமாயின், அது பங்கா கூலியா என்பதை ஆராய வேண்டியுள்ளது.

வழக்கு எழாத ஊர்

பளைக்கு மீள்வோம். 2000ஆம் ஆண்டு முதல் 2009 வரை முகமாலை போர்முனையாக நின்றது. தென்னைகள் எறிகணையால் தலையிழந்தன. நிலம் கண்ணிவெடியால் நிறைந்தது. மக்கள் மீண்டு வந்தபின் கன்றுகள் நடப்பட்டன. 2014 மார்ச்சில் புகையிரதம் பளையை மீண்டும் அடைந்தது. 2025இல் அரசாங்கம் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டத்தைத் தொடக்கியது. முதலீடு வரும்போது வேலையும் வரும். அவ்வேலை எப்பெயரில் வரும் என்பதே நம் வினா.

இதற்கு எதிராகத் தகுந்த ஒரு வாதம் உண்டு. பளையின் தோட்டக்காரர் யாவரும் செல்வர் அல்லர். இடம்பெயர்ந்து, மரமெல்லாம் இழந்து, ஐந்து ஏக்கரில் மீண்டும் கன்று நட்டவருக்கு ஏழு ஆண்டு வரை வரவு இல்லை. வண்டும் வெண் ஈயும் குரங்கும் எஞ்சியதைப் பங்குபோடுகின்றன. அவர்மீது சேமலாப நிதியும் அபராதமும் சுமத்தினால் தோட்டமே கைவிடப்படும். தொழிலாளிக்கு இருந்த வேலையும் போகும் என்பர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்குதல் தகாது. ஆனால் அது சிறு உரிமையாளருக்கு அரசு கைகொடுக்க வேண்டுமென்பதற்குக் காரணமாகுமேயன்றி, அவருடைய நட்டத்தை அவரினும் வறியவர் சுமக்க வேண்டுமென்பதற்குக் காரணமாகாது. உரம் விற்றவர் தம் விலையைக் குறைப்பதில்லை. வங்கி வட்டியைக் குறைப்பதில்லை. கூலி ஒன்றே குறைக்கத்தக்கதாகக் கருதப்படுகிறது. ஏனெனில் உரம் விற்றவரிடம் பற்றுச்சீட்டு உண்டு. உரித்தவரிடம் ஒன்றும் இல்லை.

இங்குதான் சான்று முக்கியமாகிறது. சம்பளப் பதிவேடு பேண வேண்டிய கடமையைச் சம்பளச் சபைகள் சட்டம் வேலைகொள்வோர்மீது சுமத்தியுள்ளது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் நாடு முழுவதற்கும் ஆகக் குறைந்த மாதச் சம்பளமாகப் பத்தாயிரம் ரூபாவை விதித்தது. அத்தொகை 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்ந்தது. சட்டத்திலே தொகை உயர உயர, ஏட்டிலே பெயர் இல்லாதவருக்கும் உள்ளவருக்கும் இடையிலான தூரமும் உயர்கின்றது. ஏடு இல்லாவிடத்துச் சட்டம் தொலைவிலுள்ள கலங்கரை விளக்கு போன்றது. ஒளி தெரியும், கரை கிட்டாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு முடிவு தெளிவாகின்றது. கூலி வழக்குகள் பெருகுவதைத் தொழிலாளரின் பேராசையென்றோ, உறவுகள் சீர்கெட்டமைக்கு அறிகுறியென்றோ கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. அடிமைக்கு வழக்கு இல்லை. 1865இன் கூலியாளுக்குச் சிறை முன்னின்றது. 1927இல் ஒரு சாராருக்கும் 1941இல் தொழில்வாரியாகவும் உரிமை வந்தது. 1969இல் எழுதுவினைஞருக்கும் அது உறுதியாயிற்று. பெயர் கிடைத்த பின்னரே ஒவ்வொரு சாராரும் வழக்குத் தொடுத்தனர். வழக்குகளின் எண்ணிக்கை அநீதியின் அளவைக் காட்டுவதன்று. அநீதியை எதிர்க்கும் வலிமை எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் காட்டுவது. ஆகவே வழக்கு மிகுந்த நகரைக் காட்டிலும், வழக்கே எழாத ஊரைப் பற்றியே நாம் கூடுதலாகக் கவலைகொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை பெரியன அல்ல. ஆயிரம் தேங்காய் உரித்தவருக்கு நாளும் எண்ணிக்கையும் தொகையும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. ஓராண்டு என்னும் 1871ஆம் ஆண்டுக் காலவரையறையை நீட்டும் ஒரு திருத்தம். வேலையை இழக்காமலே நிலுவையைக் கேட்டு நியாய சபையை நாடும் ஒரு வழி. பல்கலைக்கழகத்திற் சட்டமும் வரலாறும் பொருளியலும் கற்போர், விடுமுறையில் தத்தம் ஊர் செல்லும்போது அங்குள்ள உழைப்பாளரின் வேலைமுறையைப் பதிவுசெய்தாலும் அது பிற்காலத்தில் நீதிமன்றத்துக்கும் வரலாற்றாசிரியருக்கும் உதவும் சான்றாகும். உழைப்பவருக்குப் பெயரிடும் உரிமை கூலி கொடுப்பவரிடம் மட்டும் இருக்கும்வரை, நிலுவைக் கூலியின் வரலாறு முற்றுப்பெறாது.